ஒரு பாட்டில், ஒரு நோயாளி: தமிழ்நாடு பல் மருத்துவ கவுன்சிலுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு பல் மருத்துவ கவுன்சிலின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

நான் ஆம்பூரில் இருக்கிறேன். 27 ஆண்டுகள் ஆபரேஷன் தியேட்டரில் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதில் கடைசி 9 ஆண்டுகள், கருவிகளைக் கழுவி, பொட்டலம் கட்டி, ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கிருமி நீக்க இயந்திரத்தில் ஏற்றி இறக்கும் அறை என் பொறுப்பில் இருந்தது. நான் பல் மருத்துவம் படித்தவள் அல்ல. ஆனால் ஒரு கருவி சுத்தமானதா இல்லையா என்று பார்ப்பதுதான் என் வாழ்க்கையின் பெரும்பகுதி. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

வாணியம்பாடி எங்கள் ஊருக்குப் பக்கம். அங்கே என்ன நடந்தது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இருந்தாலும் இந்த மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2022, 2023ஆம் ஆண்டுகளில் எங்கள் பகுதியில் சிலருக்குக் காய்ச்சல், கடும் தலைவலி, பேச்சுக் குழறல், பார்வை மங்கல், முகம் ஒரு பக்கம் இழுத்துக்கொள்வது என்று வந்தது. மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் என்ற கிருமித் தொற்று என்று தெரிந்தது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) தேசிய தொற்றுநோயியல் நிறுவனமும், மாநிலப் பொது சுகாதாரத் துறையும் விசாரித்தபோது, அவர்களில் 10 பேர் வாணியம்பாடியில் ஒரே பல் கிளினிக்குக்குப் போய் வந்தவர்கள் என்று தெரிய வந்தது. அந்த 10 பேரில் 8 பேர் இறந்துவிட்டார்கள். பல் வலி என்று போனவர்கள்.

ஆய்வாளர்கள் கண்டுபிடித்த காரணம் எது என்று படித்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். சலைன் பாட்டில். ஈறை எலும்பிலிருந்து விலக்கப் பயன்படும் பெரியாஸ்டியல் எலிவேட்டர் என்ற கருவியால் அந்த பாட்டிலைத் திறந்திருக்கிறார்கள். பிறகு சரியாக மூடாமல் வைத்து, அடுத்தடுத்த நோயாளிகளுக்கும் அதிலிருந்தே எடுத்திருக்கிறார்கள். பயன்பாட்டில் இருந்த ஒரு பாட்டிலில் அந்தக் கிருமியின் தடயமும் கிடைத்தது.

பெரிய இயந்திரம் எதுவும் பழுதாகவில்லை. யாருக்கும் தெரியாத புது மருந்து எதையும் யாரும் போடவில்லை. ஒரு டீயும் வடையும் வாங்கும் காசுக்குக் கொஞ்சம் முன்பின்னாகக் கிடைக்கும் உப்புத் தண்ணீர். இதைத்தான் உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். கடைவாய்ப் பல்லை அறுத்து எடுக்கும்போது குழாய்த் தண்ணீரைப் பயன்படுத்தாமல் சலைனைப் பயன்படுத்துவது மிகச் சரியான பழக்கம். எலும்பு திறந்திருக்கும் இடத்தில் கிருமியற்ற திரவம் மட்டும்தான் படலாம். பல் நாற்காலியோடு வரும் மெல்லிய குழாய்களின் உட்புறத்தில் கிருமிகள் பாசிபோல் ஒட்டி வளரும். 2016இல் கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் ஒரு பல் கிளினிக்கில் பால் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்துகொண்ட 60க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குத் தாடை எலும்பு வரை தொற்று போனது இந்தக் குழாய்த் தண்ணீரால்தான். ஆகவே சலைன் பாட்டிலைக் கையில் எடுத்த மருத்துவர் அலட்சியமானவர் என்று நான் சொல்லவில்லை. நல்லதை நினைத்து எடுத்த பொருள் அது. திறந்த விதமும், திறந்த பிறகு வைத்திருந்த விதமும் அதைக் கெடுத்துவிட்டன.

இந்தக் கிருமியைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். ஏனென்றால் "சலைனில் என்ன இருக்கு, வெறும் உப்பும் தண்ணியும்தானே, அதில் என்ன வளரும்?" என்று நினைப்பவர்களை நான் தியேட்டரிலேயே பார்த்திருக்கிறேன். இதற்குப் பெயர் பர்கோல்டேரியா சூடோமாலை. மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. நெல் வயலும் மழைக்காலமும் இருக்கும் நாடுகளில் அதிகம். இதை முதலில் கண்டறிந்தது 1911இல் ரங்கூனில். விட்மோர் என்ற ஆங்கிலேய மருத்துவரும் அவருடைய உதவியாளர் சி.எஸ். கிருஷ்ணசாமியும் பிணப் பரிசோதனைகளில் கண்டு 1912இல் எழுதினார்கள். நோய்க்கு விட்மோர் பெயரைத்தான் வைத்தார்கள். கிருஷ்ணசாமியின் பெயரை நம்மவர்களே மறந்துவிட்டோம், அது எனக்கு எப்போதும் வருத்தம். சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கிருமியைக் காய்ச்சி வடித்த வெறும் தண்ணீரில், சாப்பிட எதுவும் இல்லாமல், சாதாரண அறை வெப்பத்தில் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். 16 ஆண்டுகள் கழித்தும் அது உயிரோடு இருந்தது. அப்படிப்பட்ட ஒன்று ஒரு சலைன் பாட்டிலுக்குள் போய்விட்டால் நாமாக வெளியேற்றும் வரை அங்கேயே இருக்கும். பென்சிலின், ஜென்டாமைசின் போன்றவை இதற்குப் பயன்படாது. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் ஊசி குறைந்தது இரண்டு வாரம், அதன்பின் மாதக்கணக்கில் மாத்திரை. அதுவும் நோயைச் சரியாகக் கண்டுபிடித்தால்தான். பல் எடுத்த ஒருவர் வாரங்கள் கழித்துத் தலைவலி என்று வந்தால், எந்த மருத்துவருக்கு பாட்டில் ஞாபகம் வரும்?

இனி என் சொந்த அனுபவம் ஒன்று.

கொஞ்ச நாளைக்கு முன், ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் என் தங்கை மகளை ஒரு பல் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். எந்த ஊர், யாருடைய கிளினிக் என்று சொல்ல மாட்டேன். சொல்வதால் பயனும் இல்லை. ஞானப்பல் வளைந்து முளைத்து, பக்கத்துப் பல்லை முட்டிக்கொண்டு இருந்தது. ஷிஃப்ட் முடிந்து சாயங்காலம் ஆறரை மணிக்குப் போனோம். மருத்துவர் இளைஞர், நன்றாகப் பேசினார். எக்ஸ்ரே பார்த்து விளக்கினார். கை கழுவினார், மாஸ்க் போட்டார், புது கிளவ்ஸ் போட்டார், கிருமி நீக்கிய கருவிகள் இருந்த பௌச்சை, அதாவது ஒட்டிய உறையை, எங்கள் கண் முன்னாலேயே கிழித்தார். எனக்கு மனசு நிம்மதியாக இருந்தது. அப்புறம்தான் மேடையின் ஓரத்தைப் பார்த்தேன். அரை லிட்டர் சலைன் பாட்டில், பாதிக்குமேல் காலி. அதன் தலையில் ஒரு ஊசி குத்தியபடியே நின்றது. பாட்டில் மேல் தேதியும் இல்லை, நேரமும் இல்லை. உதவிக்கு இருந்த பெண் சிரிஞ்சை அந்த ஊசியில் மாட்டி உறிஞ்சப் போனாள்.

"எப்ப திறந்ததும்மா இது?" என்று கேட்டேன்.

"தெரியலம்மா. காலைலயே இருந்துச்சு. தீர்ந்தாதான் புதுசு எடுப்போம்."

மருத்துவரிடம் நான் தியேட்டர் நர்ஸ் என்று சொல்லி, புது பாட்டில் ஒன்று வேண்டும், காசு நான் கொடுத்துவிடுகிறேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. "சிஸ்டர், நாங்க ஆட்டோகிளேவ் எல்லாம் கரெக்டா பண்றோமே" என்றார். உண்மைதான், பண்ணியிருந்தார். 121 டிகிரியில் 15 நிமிடம் வேகவைத்த கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, யாருடைய ரத்தம் எப்போது பட்டது என்று யாருக்கும் தெரியாத பாட்டிலிலிருந்து தண்ணீர் எடுக்கப் போகிறோம் என்பது அவருக்கு அந்த நிமிடம் வரை தோன்றவில்லை. சொன்னதும் முகம் மாறியது. புது பாட்டில் திறந்தார், காசு வாங்கவில்லை. நல்ல மருத்துவர். எனக்கு பயம் வந்தது அதனால்தான். இத்தனையும் சரியாகச் செய்கிறவருக்கே அந்த ஒரு பாட்டில் கண்ணில் படவில்லை என்றால், இதை ஒரு தனிமனிதரின் தவறு என்று சொல்லி முடிக்க முடியாது.

அந்த ஊசி விஷயத்தைக் கொஞ்சம் விளக்கவேண்டும். பாட்டில் வாயில் ஊசியைக் குத்தி விட்டுவிடுவது பல கிளினிக்குகளில், ஏன், சில வார்டுகளிலும் உள்ள பழக்கம். ஒவ்வொரு முறையும் குத்த வேண்டாமே என்ற வசதி. ஆனால் அந்த ஊசி, நாள் முழுக்கத் திறந்து கிடக்கும் கதவு. காற்றில் மிதக்கும் எச்சில் துளி, ஈரக் கை, ஏற்கெனவே ஒரு வாயில் பட்ட சிரிஞ்சின் முனை எல்லாம் அந்தக் கதவு வழியாக உள்ளே போகும். ஒரு நோயாளிக்கு அறுவை நடந்துகொண்டிருக்கும்போது சிரிஞ்ச் எத்தனை முறை வாய்க்கும் பாட்டிலுக்கும் போய் வரும் என்று எண்ணிப் பாருங்கள். முதல் முறை தவிர மற்ற எல்லா முறையும் அந்தச் சிரிஞ்ச் ரத்தம் பட்ட சிரிஞ்ச்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மூத்த சிஸ்டர் ஒருவர் இருந்தார். பொட்டலம் ஆட்டோகிளேவிலிருந்து லேசாக ஈரமாக வெளியே வந்தால்கூட அத்தனையையும் திருப்பி அனுப்பிவிடுவார். ஈரத் துணி வழியாக வெளிக் கிருமி உள்ளே ஏறிவிடும். சர்ஜன் கை கழுவி நின்றுகொண்டிருப்பார், கோபத்தில் கத்துவார். இவர் அசைய மாட்டார். "நோயாளி தூங்கிட்டு இருக்கார் டாக்டர், அவரால கேக்க முடியாது, நான்தான் கேக்கணும்" என்பார். பல் நாற்காலியில் படுத்திருப்பவர் தூங்குவதில்லை. ஆனால் வாயைத் திறந்து வைத்திருப்பவராலும் கேட்க முடியாது.

அந்தக் கிளினிக்கில் இருந்த பெண்ணைப் பற்றி அதிகம் பேச விரும்புகிறேன். கவுன்சில் கவனிக்க வேண்டியது அவளைத்தான் என்று நினைக்கிறேன்.

மருத்துவர் தையல் போட்டுக்கொண்டிருந்தபோது அவளிடம் பேச்சுக் கொடுத்தேன். வயது 19. பிளஸ் டூ முடித்துவிட்டு வேலைக்கு வந்து ஐந்து மாதம். முன்பு இருந்த அக்கா இரண்டு நாள் சொல்லிக்கொடுத்துவிட்டு கல்யாணம் ஆகிப் போய்விட்டாராம். கருவி கழுவுவது, பௌச் போடுவது, ஆட்டோகிளேவ் போடுவது, ஊசியைக் கழற்றுவது, ரத்தம் பட்ட பஞ்சை அள்ளுவது, போன் எடுப்பது, தரை துடைப்பது எல்லாம் அவள்தான். கருவிகளை நோயாளியைச் சோதிக்கும் மெல்லிய கிளவ்ஸோடு கழுவுகிறாள். கூரான கருவி ஒன்று இருமுறை விரலில் குத்தியிருக்கிறதாம். ரத்தம் வழியே பரவும் கல்லீரல் நோயான ஹெபடைடிஸ் பிக்குத் தடுப்பூசி போட்டாயா என்று கேட்டேன். "அது எதுக்கு போடறதும்மா?" என்றாள்.

மூன்று தவணை ஊசி. பூஜ்ஜியம், ஒன்று, ஆறு மாதம். இது பல் மருத்துவருக்குக் கல்லூரியிலேயே சொல்லிக்கொடுக்கப்படுகிறது. அவரோடு அதே ரத்தத்தில் கை வைக்கும் பெண்ணுக்கு யாரும் சொல்லவில்லை.

1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டத்திலேயே பல் மருத்துவர்களுக்குப் பதிவேடு வைத்தார்கள். பல்லைச் சுத்தம் செய்யும் டென்டல் ஹைஜீனிஸ்டுக்கும், செயற்கைப் பல் செய்யும் டென்டல் மெக்கானிக்குக்கும்கூட வைத்தார்கள். ஆனால் ஒரு சின்ன கிளினிக்கில் நோயாளியின் உயிர் உண்மையில் யாருடைய கையில் இருக்கிறதோ அந்த உதவியாளர், பிளஸ் டூ முடித்துவிட்டுப் பக்கத்துத் தெருவிலிருந்து வந்த பெண்ணாகவே இருக்கிறாள். அவளுக்கு மருத்துவக் கழிவுகளுக்கான பயோ மெடிக்கல் வேஸ்ட் விதிகள் 2016இல் வந்தது தெரியாது. ஆனால் ஊசியை வெள்ளைப் பெட்டியிலும் ரத்தப் பஞ்சை மஞ்சள் பையிலும் போட வேண்டியவள் அவள்தான். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால், பல்லைத் துளைக்கும் கருவியான ஹேண்ட்பீஸ் சுத்தமாகிவிடும் என்று அவளிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஹேண்ட்பீஸ் நிற்கும் கணத்தில் வாயில் இருக்கும் எச்சிலையும் ரத்தத்தையும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? வெளியே துடைத்து என்ன பயன்? ஒவ்வொரு நோயாளிக்கும் பிறகு அதையும் சூட்டில்தான் கிருமி நீக்க வேண்டும்.

என் அறையில் சுவரில் ஒரு அட்டை ஒட்டியிருந்தேன். "கழுவாத கருவியை ஆட்டோகிளேவில் போட்டால் வெந்த அழுக்குதான் வெளியே வரும்." காய்ந்த ரத்தத்துக்கு அடியில் ஆவி நுழையாது. இந்த ஒரு வரியைப் புரிந்துகொள்ள டிகிரி வேண்டாம். யாராவது உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் போதும். நான் சொல்லிக்கொடுத்த பல பேர் பத்தாவது தாண்டாதவர்கள். அவர்களைப்போல் கவனமாக வேலை செய்தவர்களை நான் பார்த்ததில்லை.

ஆகவே என் முதல் வேண்டுகோள் இது. எந்தப் பல் கிளினிக்கிலும் கருவியைத் தொடும் உதவியாளர் ஒவ்வொருவரும், வேலைக்குச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் கவுன்சில் நடத்தும் பயிற்சி ஒன்றை முடித்திருக்க வேண்டும் என்று வையுங்கள். தமிழில் நடத்துங்கள். இரண்டு முழு நாள் போதும். மாவட்டத்துக்கு மாவட்டம் அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன, பல இடங்களில் பல் மருத்துவக் கல்லூரிகளும் இருக்கின்றன, இடத்துக்குப் பஞ்சமில்லை. பாடத்தைச் செய்து காட்டிச் சொல்லிக்கொடுங்கள், எழுத்துத் தேர்வு வேண்டாம். ஒரு பாட்டிலை எப்படித் திறப்பது, ஊசியை ஒரு கையால் எப்படி மூடுவது, தடித்த ரப்பர் கிளவ்ஸ் ஏன், பௌச்சில் நிறம் மாறினால் அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை. முடித்தவருக்கு ஒரு அட்டை கொடுங்கள். அந்த அட்டை இருந்தால் அவருக்குச் சம்பளத்திலும் ஐநூறோ ஆயிரமோ கூடும். தடுப்பூசி போட்ட சான்று இல்லாமல் யாரையும் கருவி அருகில் விடக் கூடாது என்பதையும் அதே விதியில் சேருங்கள். செலவு மருத்துவருடையது.

இரண்டாவது வேண்டுகோள் பாட்டில். ஒரு பாட்டில், ஒரு நோயாளி. மீதியைக் கொட்டிவிட வேண்டும். 500 மில்லி பாட்டிலைத் திறந்தால் வீணாகும் என்ற எண்ணம்தான் மிச்சம் வைக்கத் தூண்டுகிறது. 100 மில்லி பாட்டில் எல்லா மருந்து மொத்தக் கடைகளிலும் கிடைக்கிறது. ஒரு பல்லுக்கு அது போதும், போதாவிட்டால் இன்னொன்று. திறந்த நேரத்தை பாட்டில் மேல் எழுத வேண்டும். முறுக்கித் திறக்கும் இடத்தை முறுக்கித்தான் திறக்க வேண்டும், கையில் கிடைத்த கருவியால் குத்தித் திறப்பதைக் கவுன்சில் பெயரிட்டுத் தடை செய்யுங்கள். பல பேருக்குப் போடும் மரத்துப்போகும் மருந்துக் குப்பிக்கும் இதையே பாருங்கள். ஒருவருக்குப் போட்ட சிரிஞ்சால் மறுபடி குப்பியில் எடுப்பது எங்கேயும் நடக்கக் கூடாது.

கிளினிக் நடத்துபவர்களின் சிரமம் எனக்குப் புரியாமல் இல்லை. கடன் வாங்கிப் படித்து, கடன் வாங்கி நாற்காலி வாங்கி, ஒரே தெருவில் நான்கு கிளினிக் போட்டி போடும்போது பல் எடுக்க முந்நூறு ரூபாய்க்கு மேல் கேட்க முடியாத நிலை. ஹேண்ட்பீஸ் ஒன்றே சில ஆயிரம் ரூபாய். ஒரு மாலையில் பத்துப் பன்னிரண்டு பேர் வந்தால், ஒரு சுற்று முடிந்து காய்ந்து வெளியே வர முக்கால் மணி நேரம் ஆகும் ஆட்டோகிளேவை வைத்துக்கொண்டு இரண்டு ஹேண்ட்பீஸால் சமாளிக்க முடியாது. இது கணக்கு. கணக்கை நோயாளியின் வாயில் சரிக்கட்ட முடியாது, ஆனால் மருத்துவர் தலையிலேயே முழுவதும் கட்டுவதும் சரியில்லை. கவுன்சிலும் மருத்துவர் சங்கங்களும் சேர்ந்து மொத்தமாக வாங்கிக் கொடுக்கலாம். சின்ன ஊர்களில் நான்கைந்து கிளினிக்குகள் சேர்ந்து நல்ல ஆட்டோகிளேவ் ஒன்றைப் பொதுவாக வைத்துக்கொள்ளலாம். கட்டணத்தோடு "கிருமி நீக்கச் செலவு ஐம்பது ரூபாய்" என்று வெளிப்படையாக எழுதினால் எங்கள் ஊர் ஷூ கம்பெனிப் பெண்களும் கொடுப்பார்கள். எதற்கு என்று தெரிந்தால் கொடுப்பார்கள்.

ஆட்டோகிளேவ் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பிரஷர் குக்கர் மாதிரி இருக்கும் சாதாரண வகையில் உள்ளே இருக்கும் காற்றை முழுவதும் உறிஞ்சி எடுக்கும் வசதி இல்லை. ஹேண்ட்பீஸ் போல உள்ளே துளை உள்ள கருவிக்குள் ஆவி சரியாக நுழையாது. பௌச்சின் நிறம் மாறியதை வைத்து கருவி சுத்தம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். நிறம் சூடு பட்டதைத்தான் சொல்கிறது. கிருமி செத்ததா என்று பார்க்க ஸ்போர் சோதனை இருக்கிறது. சூட்டை எளிதில் தாங்கும் ஒரு கிருமியின் வித்துகள் உள்ள சிறு பட்டையைக் கருவிகளோடு உள்ளே வைத்து, பிறகு அது வளர்கிறதா என்று பார்ப்பது. குறைந்தது வாரத்துக்கு ஒரு முறை செய்ய வேண்டும் என்பது அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி. சொல்லும் அளவு. தமிழ்நாட்டின் எல்லா கிளினிக்கிலும் கடைசி ஸ்போர் சோதனை எந்தத் தேதியில் நடந்தது, முடிவு என்ன என்று காத்திருக்கும் அறையில் தொங்கவிடச் சொல்லுங்கள். பட்டப்படிப்புச் சான்றிதழுக்குப் பக்கத்திலேயே தொங்கட்டும். மருத்துவ நிலையங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தில் கிளினிக்குக்குப் பதிவு கொடுக்கும்போதே இதை ஒரு நிபந்தனையாக்கலாம். அது மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தின் வேலை என்று நீங்கள் சொல்லலாம். அவர்களோடு பேச வேண்டியது உங்கள் வேலை.

கடைசியாக, சொல்லச் சங்கடமான ஒன்று.

2013 மார்ச்சில் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் டல்சா என்ற ஊரில் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் துருப்பிடித்த கருவிகளும் சரியாக இயங்காத கிருமி நீக்கமும் இருப்பது ஆய்வில் தெரிந்தது. அடுத்து அங்கே சுகாதாரத் துறை செய்தது என்ன தெரியுமா? அவரிடம் வந்துபோன சுமார் 7,000 பேருக்குத் தகவல் அனுப்பி, எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி மூன்றுக்கும் இலவசமாகப் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னது. ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஹெபடைடிஸ் சி அந்தக் கிளினிக்கில் பரவியது அந்தப் பரிசோதனையால்தான் உறுதியானது. ஊரே பயந்துபோனது உண்மை. ஆனால் தெரிந்து பயந்தவர்கள் அவர்கள்.

வாணியம்பாடியில் நடந்தது 2022, 2023இல். அது செய்தித்தாள்களில் பெரிதாக வந்தது 2025 மே மாதம், ஆய்வு ஒரு மருத்துவ இதழில் வெளியானபோது. அந்தக் கிளினிக்கை மூட நடவடிக்கை எடுத்தவர்களையும், விடாமல் தடம் பிடித்துப் போய்க் காரணத்தைக் கண்டுபிடித்த மருத்துவர்களையும் நான் மனதார வணங்குகிறேன். அவர்கள் இல்லாவிட்டால் இன்னும் எத்தனை பேரோ. ஆனாலும் இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் எங்கள் பக்கத்தில் எத்தனை கிளினிக்கில் எத்தனை பாட்டில்கள் அதேபோல் திறக்கப்பட்டிருக்கும்? விசாரணை முடியும் முன் கிளினிக்கின் பெயரைச் சொல்ல வேண்டாம். "சலைன் பாட்டிலைக் கருவியால் திறக்காதீர்கள், மிச்சம் வைக்காதீர்கள், உயிர் போயிருக்கிறது" என்ற மூன்று வரியை அந்த மாதமே மாநிலத்தில் உள்ள எல்லாப் பல் மருத்துவருக்கும் போனில் அனுப்பியிருக்கலாம். எங்கள் தியேட்டரில் ஒரு தவறு நடந்தால் அன்று சாயங்காலமே மூன்று ஷிஃப்டுக்கும் சொல்லிவிடுவோம், யார் செய்தது என்று சொல்லாமல். இனி ஒரு மாவட்டத்தில் இப்படி நடந்தால், ஒரு வாரத்துக்குள் எச்சரிக்கை எல்லா மருத்துவருக்கும் போக வேண்டும், அந்தக் கிளினிக்குக்குப் போய்வந்தவர்களைத் தேடிப் போய்ச் சொல்ல வேண்டும் என்று ஒரு முறை வகுத்து வையுங்கள்.

இதைப் படிக்கும் பொதுமக்களுக்கும் ஒரு வார்த்தை. பயந்து பல் வலியோடு வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். கிராம்புத் தைலத்தை நம்பிச் சீழ் கழுத்துக்கு இறங்கியபின் எங்கள் மருத்துவமனைக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தெருவோரம் பல் கட்டுபவரிடம் போவதும் தீர்வு அல்ல. முறையாகப் படித்தவரிடமே போங்கள். போய், நாற்காலியில் சாய்வதற்கு முன், "டாக்டர், எனக்குப் புது பாட்டில் திறங்க" என்று மட்டும் சொல்லுங்கள். நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார்.

என் தங்கை மகளுக்குத் தையல் பிரித்த அன்று மறுபடியும் அந்தக் கிளினிக்குக்குப் போனோம். மேடை ஓரத்தில் சின்ன பாட்டில்கள் வரிசையாக இருந்தன. நான் அந்தப் பெண்ணுக்கு ஒரு ஜோடி தடித்த கிளவ்ஸும், பாட்டிலில் எழுத ஒரு மார்க்கர் பேனாவும் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதல் தவணை ஊசி போட்டாயிற்று என்று கையைக் காட்டினாள்.

திருப்பத்தூர், வேலூர், ராணிப்பேட்டை மாவட்டங்களில் உதவியாளர்களுக்கு நீங்கள் பயிற்சி வைத்தால் நான் வந்து சொல்லிக்கொடுக்கிறேன். சம்பளம் வேண்டாம், பஸ் செலவும் நானே பார்த்துக்கொள்கிறேன். கருவிகளைக் கழுவிக் காட்ட ஒரு தொட்டியும், ஓடும் தண்ணீரும், எல்லாரும் சுற்றி நிற்க இடமும் மட்டும் கொடுங்கள். வகுப்பு ஞாயிற்றுக்கிழமையில் இருக்கட்டும், அன்றுதான் அந்தப் பிள்ளைகளுக்கு லீவு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தியேட்டர் நர்ஸ் ஒருவர்,
ஆம்பூர்